வயிறு ஒன்று, நாக்கு இரண்டு

மேட்டுக்காட்டில் ஓர் ஆடு இரண்டு தலையோடு பிறந்தது. வலதுதலைக்குக் கழுத்து நீளம், அது மேய்ந்தது. இடதுதலைக்குக் கழுத்து குட்டை, புல் எட்டாது. அதனால் அது காவல் பார்த்தது. நரி வந்தால் தொண்டை கிழியக் கத்தும். கால்கள் ஓடும், இரண்டும் பிழைக்கும். மற்றபடி நிற்பதும் நடப்பதும் வலதுதலையின் இஷ்டம்.

“ஒரு தடவை முட்டி போடுண்ணே. நானும் ஒரு வாய் கடிச்சுப் பார்க்கிறேன்” என்று இடதுதலை கேட்கும்.

“உனக்கென்னடா குறை? நான் தின்கிறது உன் வயித்துக்கும்தானே போகுது?” என்று புல்லிலிருந்து முகத்தை எடுக்காமலே வலதுதலை சொல்லும்.

வயிறு நிறைந்துதான் இருந்தது. அதை இடதுதலையால் மறுக்க முடியவில்லை. புல்லின் ருசிதான் அதற்குத் தெரியாது.

ஒருநாள் பட்டிக்குத் திரும்பும்போது வேலியிலிருந்த கிளுவைக் கிளையொன்று இடதுதலையின் வாய்க்கு நேரே நீட்டிக்கொண்டிருந்தது.

“கொஞ்சம் நில்லுண்ணே.”

“இதுக்கு மேல ஒரு இலை போனாலும் வயிறு வெடிச்சிரும். நட.”

கால்கள் நடந்தன. போகிற போக்கில் இடதுதலை ஒரே ஓர் இலையை எட்டிப் பறித்தது. விழுங்க மனமில்லாமல், கண்ணை மூடி மென்றுகொண்டே வந்தது.

இருட்டத் தொடங்கியது. எங்கோ சருகு சரசரத்தது.

“நரி ஏதும் வருதா, தம்பி?” என்று வலதுதலை கேட்டது.

இடதுதலை இன்னும் மென்றுகொண்டிருந்தது.