அரசாங்கச் சம்பளம்

"மாமா, உங்ககிட்ட ஒரு விஷயத்தை மறைக்கக் கூடாதுன்னுதான் நேர்ல வந்தேன்."

"இன்னும் மாமா ஆகல தம்பி. முதல்ல விஷயத்தைச் சொல்லுங்க. மாமாவா சாரான்னு அப்புறம் பார்த்துக்கலாம்."

நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தான் அந்த இளைஞன். அரசாங்கத் தொலைபேசிக் கம்பெனியில் கேபிள் பிரிவு அதிகாரி. சட்டை மாற்றிக்கொண்டு வந்திருந்தான். நகக்கண்ணில் இருந்த கேபிள் பசையின் கறுப்புதான் போகவில்லை. சமையலறைக் கதவில் சாய்ந்து நின்ற மகள், சொல்லு என்பதுபோலத் தலையை அசைத்தாள்.

"எங்க கம்பெனியை வித்துட்டாங்க. வர்ற மாசத்துலேருந்து நாங்க தனியார்."

அப்பா சுவரில் இருந்த மனைவியின் படத்தைப் பார்த்தார். அவள் போய் இன்னும் ஒரு வருஷம்கூட ஆகவில்லை.

அவள் இருந்தபோது ஒரு நாள் காலையில் வேலைக்குப் போன அப்பா, தனியார் மில்லின் கேட்டில் தொங்கிய பூட்டைப் பார்த்துவிட்டு, கையில் கொண்டுபோன சாப்பாட்டோடு திரும்பி வந்தார். அன்றைக்கு அவளைப் பிடித்த பயம் கடைசிவரை விடவில்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலில்கூட அதையேதான் சொன்னாள். "நம்ம வீட்டுக்கு ஒரு அரசாங்கச் சம்பளம் வரணுங்க. அதைப் பார்த்துட்டுப் போனாப் போதும்." பார்க்காமலே போய்விட்டாள். மகளுக்கு வருகிற மாப்பிள்ளையாவது அரசாங்க வேலையில் இருக்க வேண்டும் என்று அப்பா பிடிவாதமாக நின்றது அதனால்தான்.

"அரசாங்கத்துக்கே பூட்டுப் போட ஆள் வந்தாச்சா?" என்றார் அப்பா.

"வந்தாச்சே. அரசாங்கம் கம்பெனி நடத்தக் கூடாதுன்னு கேஸ் போட்டது யாருன்னு உங்க பொண்ணையே கேளுங்க."

"என்னம்மா, உங்க கம்பெனியா இவரு பிழைப்புல மண்ணைப் போட்டது?"

மகள் போட்டிக் கம்பெனியில் வாடிக்கையாளர் சேவைப் பிரிவில் இருந்தாள். அவர்கள் தோண்டிய குழியில் தன் கேபிள் அறுந்துபோனதால் சண்டை போட வந்தவன்தான் இவன். சண்டை இன்னும் முடியவில்லை.

"கேட்டது நியாயம்தானேப்பா? லைசென்ஸ் கொடுக்கிறதும் அரசாங்கம், கம்பமும் அரசாங்கத்தோடது, கம்பெனி நடத்துறதும் அதே அரசாங்கம். ஆடுறவனே விசிலும் ஊதினா நாங்க எப்போ ஜெயிக்கிறது? ஒரு கம்பத்துக்கு அனுமதி கேட்டா, இவங்க ஆபீஸ்ல பதில் வர்றதுக்குள்ள அந்தக் கம்பமே துருப்பிடிச்சு விழுந்துடும்."

"ஏன் சொல்ல மாட்டே? நாங்க இருந்ததாலதான் உங்க ரேட்டு ஏறாம நின்னுச்சு. ஊர்க் கடைசியில ஒத்தை வீடு இருந்தாலும் நாங்க லைன் இழுப்போம். உங்க ஆளு எவனாவது அந்தப் பக்கம் எட்டிப் பார்த்திருப்பானா?"

"போதும், போதும். இந்தச் சண்டையெல்லாம் கல்யாணத்துக்கு அப்புறம் போடுறது" என்ற அப்பா, சட்டென்று வாயை மூடிக்கொண்டார். கல்யாணம் என்ற சொல் அவரை அறியாமல் வந்துவிட்டது.

அப்பா இளைஞன் பக்கம் திரும்பினார்.

"தம்பி, நீங்க நல்ல பிள்ளை. மறைக்காம வந்து சொன்னீங்களே, அது பெரிய விஷயம். ஆனா இவ அம்மா என்கிட்ட கேட்டது இது ஒண்ணுதான். இதைக்கூட நான் செய்யலன்னா எப்படி?"

"அப்பா, அம்மாவுக்குக் கடைசிவரைக்கும் மருந்து வாங்கினது என் தனியார் சம்பளம்தானே?"

"நான் இல்லன்னேனா? ஆனா ஒவ்வொரு மாத்திரையையும் அவ பயந்துக்கிட்டே முழுங்கினா. அடுத்த மாசம் உன் கம்பெனியிலயும் பூட்டுத் தொங்குமோ, இந்தப் பொண்ணு என்ன பண்ணுமோன்னு. உனக்குத் தெரியாது. நான் பக்கத்துல இருந்து பார்த்தேன்."

இளைஞன் எழுந்தான்.

"புரியுது சார்" என்றான். அந்த 'சார்' அப்பாவுக்குச் சுருக்கென்று தைத்தது. வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, தனக்குத்தானே சொல்வதுபோல முணுமுணுத்தான்.

"எனக்கு ஒண்ணுதான் பொறுக்கல. அரசாங்கம் கம்பெனி நடத்தினா போட்டி எப்படி நியாயமா இருக்கும்னு கேஸ் போட்டாங்களே, அந்தக் கம்பெனியே ஒரு அரசாங்கத்தோடதுதான்."

"என்னது?"

"ஆமா சார். கடலுக்கு அந்தப் பக்கம் ஒரு நாடு. பாதிக்கு மேல பங்கு அந்த நாட்டு அரசாங்கத்தோடது. இங்கே வந்து தனியார்னு போர்டு மாட்டியிருக்காங்க, அவ்வளவுதான்."

அப்பா மகளைப் பார்த்தார். "நிஜமாவா?"

"ஆமாப்பா. எங்க ஆபீஸ்ல எல்லாருக்கும் தெரியும். வருஷா வருஷம் அந்த ஊர் அதிகாரிங்கதான் வந்து கணக்குப் பார்த்துட்டுப் போவாங்க. அதுக்கு என்ன இப்போ?"

"நீ வேலைக்குச் சேர்ந்தப்பவும் இப்படித்தானா?"

"அதுக்கு முன்னாடியிருந்தே இப்படித்தான்."

அப்பா எழுந்தார். படத்தின் பக்கம் நடந்தார். போகிற போக்கில் வாசல் பக்கம் திரும்பி, "செருப்பைக் கழட்டிட்டு உள்ளே வாங்க மாப்பிள்ளை" என்றார்.

பிறகு படத்தின் கண்ணாடியைச் சட்டை நுனியால் துடைத்தார்.

"எந்த அரசாங்கம்னு நீ சொல்லலையே" என்றார் மெதுவாக. "பயந்து பயந்து முழுங்கினியே, அந்த மாத்திரை அத்தனையும் அரசாங்கச் சம்பளத்துல வாங்கினதுதான்டி. நீ பார்த்துட்டுத்தான் போயிருக்கே."