காதில் விழாத பேச்சு

அரசன் தனக்குத்தானே பேசத் தொடங்கினால் அரசி சிலையாகிவிட வேண்டும். நாடகத்தில் அதுதான் விதி. கடைசி வரிசைக்காரனுக்கும் கேட்கிற அந்தத் தனிமொழி, நாலடி தள்ளிப் பூத்தட்டோடு நிற்கிற அவள் காதில் மட்டும் விழாது. நாற்பது மேடைகளாகக் கமலவேணி இந்தச் செவிட்டு வேஷத்தைப் பிசகாமல் போட்டுவிட்டாள். அரசனாக நடிப்பவன் அவள் புருஷன் சபாபதி. அவன் பேசி முடித்ததும், “என்ன யோசனை, அரசே?” என்று அவள் கேட்பாள். “ஒன்றுமில்லை, தேவி” என்று அவன் சிரிப்பான். அத்தோடு திரை விழும்.

அன்று போரைப் பற்றி நாலு வரி பேசிய அரசன் சட்டென்று நின்றுவிட்டான். பிறகு வீட்டுக் குரலில் சொன்னான்: “அடுத்தது ஞாபகத்துக்கு வரல. ரெண்டு மாசமா இப்படித்தான். நேத்து நம்ம தெருவுலயே வழி தெரியாம நின்னேன். பெத்த பொண்ணு பேரு வர மாட்டேங்குது. இவகிட்ட எப்படிச் சொல்றது? பயந்துடுவா.”

அரசனுக்குப் பித்துப் பிடிக்கிறதென்று நினைத்து யாரோ கைதட்டினார்கள். கமலவேணி அசையவில்லை. தட்டிலிருந்து ஒரு செவ்வந்திப் பூ மட்டும் உருண்டு கீழே விழுந்தது.

மேடை முழுக்க வெளிச்சம் பரவியது. இனி அவள் கேட்க வேண்டும். வாயைத் திறந்தாள், குரல் எழும்பவில்லை. காத்துக் காத்துப் பார்த்த சபாபதி, வசனத்தை மறந்தவளைக் காப்பாற்றுகிறவன்போல அருகில் வந்தான்.

“என்ன யோசனை, தேவி?”

கமலவேணி சிரித்தாள்.

“ஒன்றுமில்லை, அரசே.”