சட்டம் படித்த வாய்

“அந்தப் பையை முதல்ல மேசையிலேருந்து எடுங்கய்யா” என்றேன். குரலில் விறைப்பு கொஞ்சம் அதிகமாகவே இருந்தது.

“சும்மா ரெண்டு படி அரிசி தம்பி. மாப்பிள்ளைச் சம்பா, நம்ம வயல்ல வெளைஞ்சது. லஞ்சம்னு நெனச்சுடாதீங்க” என்றார் அந்தப் பெரியவர். துரைக்கண்ணு என்று பேர் சொல்லியிருந்தார். வேட்டி ஓரமெல்லாம் தெருப்புழுதி, சட்டை வியர்வையில் முதுகோடு ஒட்டிக்கிடந்தது. நான் முறைத்த முறைப்பில் பையைக் கீழே இறக்கி வைத்தார்.

நான் லஞ்சம் வாங்குகிற ஆள் இல்லை. இதுவரைக்கும் யாரும் கொடுத்ததில்லை என்பது வேறு விஷயம். தஞ்சாவூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நுரையீரலுக்கு ஊதிப் பார்க்கிற டெஸ்ட் எடுக்கிறவனுக்கு யார் கொடுப்பார்கள்? என் உத்தியோகத்தின் பெயர் மூச்சுச் சிகிச்சை நிபுணர். நோயாளிகள் வைத்திருக்கிற பெயர் ‘ஊதச் சொல்ற தம்பி’.

போன மாதம் எங்கள் தொழிலுக்கான சட்டமும் நெறிமுறையும் என்று இரண்டு நாள் வகுப்புக்குப் போய்வந்தேன். கொடுத்த சர்டிபிகேட்டை என் கைக்காசில் பிரேம் போட்டு, ஊதுகிறவர் கண்ணில் படுகிற மாதிரி மாட்டியிருக்கிறேன். யாராவது வந்து என் நேர்மையைச் சோதித்துப் பார்க்க மாட்டார்களா என்று அன்றிலிருந்து காத்துக்கிடந்தேன். வந்துவிட்டார்.

“என்ன வேணும், சொல்லுங்கய்யா.”

“எம் மவன் பரணிதரனுக்கு ஒரு பொண்ணு பேசியிருக்கோம். எழில்மொழின்னு பேரு, திருக்காட்டுப்பள்ளி. ஸ்கூல் டீச்சர். அது பஸ்ல என்னமோ எடுத்து வாயில அடிச்சுக்கிட்டத எங்க ஊரு ஆளு ஒருத்தன் பாத்துட்டு வந்து சொல்றான். தஞ்சாவூர்ல ஏதோ ஆஸ்பத்திரியில காட்டுதுன்னு பேச்சு. வெள்ளிக்கிழமை நிச்சயதார்த்தம். அந்தப் பொண்ணுக்கு இழுப்பு இருக்கா இல்லையா, அத மட்டும் சொல்லிடுங்க. இருந்தா இந்தச் சம்பந்தமே வேணாம்.”

பத்து நாள் முன்னால்தான், இப்போது அவர் இருந்த அதே நாற்காலியில் உட்கார்ந்து எழில்மொழி ஊதினாள். ஆஸ்துமாதான். மருந்தை ஒழுங்காக எடுத்தால் ஓடலாம், ஆடலாம், பிள்ளை பெற்று வளர்க்கலாம்.

அன்று வாசல்வரை போனவள் திரும்பி வந்தாள். “சார், கட்டிக்கப் போறவர்கிட்ட நானே நேர்ல சொல்லணும். அதுவரைக்கும் நான் இங்க வந்தது யாருக்கும் தெரிய வேணாம்” என்றாள். கண் கலங்கியிருந்தது. பாவமாக இருந்தது எனக்கு. “என்னை நம்புங்கம்மா” என்று நெஞ்சில் கைவைத்துச் சொன்னேன்.

இதோ, அந்த நம்பிக்கையைக் காப்பாற்றும் நேரம். காலரைச் சரிசெய்துகொண்டேன்.

“அதெல்லாம் சொல்ல முடியாதுங்கய்யா. நோயாளி ரகசியம்.”

“ஒரே வார்த்தை தம்பி.”

“அரை வார்த்தைகூட வராது. எங்க தொழிலுக்குன்னு சட்டம் இருக்குங்க. பொண்ணைப் பெத்த அப்பாவே வந்து கேட்டாலும், அவங்க சம்மதம் இல்லாம நான் வாயத் திறக்க மாட்டேன்.”

“வாயத் திறக்க வேணாம். இருக்குன்னா தலைய மட்டும் ஆட்டுங்க.”

என் தலை யார் எது சொன்னாலும் ஆடுகிற தலை. வீட்டிலும் அப்படித்தான், டாக்டரிடமும் அப்படித்தான். தப்பித்தவறி ஆடித் தொலைக்கப் போகிறதே என்று இரண்டு கையாலும் தாடையைத் தாங்கிக்கொண்டேன். அந்த நிலையிலேயே கண்ணால் சர்டிபிகேட்டைக் காட்டினேன்.

அவர் எழுந்து போய், மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கீழே கையெழுத்து வரைக்கும் பொறுமையாகப் பார்த்தார். இத்தனை நாளில் அதைப் பக்கத்தில் போய்ப் பார்த்த ஒரே மனுஷன் அவர்தான். எனக்கு அவர்மேல் பிரியமே வந்துவிட்டது.

அந்தப் பிரியத்தில் ஒரு பத்து நிமிஷம் பேசினேன். பெண்ணின் மானம், மனித உரிமை, கோர்ட்டு என்று எங்கெங்கோ சுற்றிவிட்டு வந்தேன். வெளியே இரண்டு பேர் ஊதுவதற்காக உட்கார்ந்திருந்தார்கள். உட்காரட்டும் என்று விட்டுவிட்டேன்.

துரைக்கண்ணு திரும்பி வந்து உட்கார்ந்து கேட்டார். முடிந்ததும் எழுந்து கையெடுத்துக் கும்பிட்டார். ஒரு பெண்ணின் வாழ்க்கையைக் காப்பாற்றிவிட்டோம் என்று எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

“என்மேல வருத்தம் ஒண்ணும் இல்லையேங்கய்யா?” பெருந்தன்மையாகக் கேட்டேன்.

“வருத்தம் என்ன தம்பி? காலையிலேருந்து நாலு ஆஸ்பத்திரி ஏறி இறங்கிட்டேன். நாலுலயும் ‘அப்படி ஒரு பொண்ணு இங்க வரவே இல்லை’ன்னு சொல்லிட்டாங்க” என்றபடி வாசலில் செருப்பை மாட்டினார். “சொல்ல மாட்டேன்னது நீங்க ஒருத்தர்தான்!”