மூன்றாம் தடவைப் பொட்டு

லொறியிலிருந்து மோட்டார் சைக்கிளை இறக்கியபோது லீக்ஸ் வாசமும் கூடவே இறங்கியது.

வெலிமடையிலிருந்து மரக்கறி ஏற்றி வரும் லொறி அது. நம்பர் இல்லாத வண்டியை ரோட்டில் ஓட்டக் கூடாது. அதனால் ஹாலிஎலவுக்கு மேலே இருக்கும் தோட்டத்திலிருந்து பதுளைப் பரிசோதனைக்கு, மூட்டைகளுக்கு நடுவில் கயிறு கட்டித்தான் கொண்டுவர வேண்டியிருந்தது.

இது மூன்றாவது தடவை.

மூன்றாவது தடவை என்றால் யாருக்கும் அலுக்கும்தானே. முருகையாவுக்கு முழங்கால் வரை அலுத்துப்போயிருந்தது.

வண்டி ஜப்பானிலிருந்து வந்தது. அனுப்பியவன் அவருடைய மனைவி பாக்கியலெட்சுமியின் தம்பி. அக்கா மகள் மேனுஷாவின் கல்யாணத்துக்குத் தாய்மாமன் சீர்.

சீர் வந்து இறங்கிய பிறகுதான் மாப்பிள்ளை வீட்டார் வாயைத் திறந்தார்கள். நம்பர் பலகை இல்லாத வண்டியை வைத்துக்கொண்டு வேடிக்கையா பார்ப்பது, முதலில் அது பாஸாகட்டும், பிறகு நாள் குறிக்கலாம் என்றார்கள். போன வாரம் இன்னொன்றும் சொல்லியனுப்பினார்கள். இந்தத் தடவையும் சரிவராவிட்டால் அவர்களுக்கு வேறு இடம் இருக்கிறதாம்.

வண்டியின் கழுத்தில், விளக்குக்குப் பின்னால், வண்டியின் அடையாளமான செசி நம்பரை இரும்பிலேயே வெட்டியிருப்பார்கள். பரிசோதகர் அதன்மேல் மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் உரசுவார். எழுத்தெல்லாம் தாளில் தெளிவாக எழும்பினால்தான் பாஸ்.

முதல் தடவை எழும்பவில்லை.

வண்டி வந்த அன்றே பாக்கியலெட்சுமி அதைக் கோயில் வாசலில் நிறுத்தி, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து, கழுத்து நிறையச் சந்தனமும் குங்குமமும் அப்பியிருந்தாள். அது எழுத்துக் குழிகளில் இறங்கிச் சிமெந்தாக இறுகிப்போயிருந்தது.

முருகையா அவளுடைய கொண்டை ஊசியைப் பிடுங்கிச் சுரண்டப் போனார். பரிசோதகர் புஹாரி கையைப் பிடித்துத் தடுத்தார். ஒரு கீறல் விழுந்தாலும் நம்பரை மாற்றியதாக ஆகிவிடும், பிறகு கொழும்புவரை அலைய வேண்டும், ஊறவைத்துக் கழுவிக்கொண்டு அடுத்த மாதம் வாருங்கள் என்றார். பிறகு பாக்கியலெட்சுமியின் பக்கம் திரும்பினார்.

"அம்மா, சாமிக்கு நம்பர் தேவையில்ல. எனக்குத்தான் தேவை."

அடுத்த மாதம் முருகையாவே உட்கார்ந்து பல் பிரஷால் தேய்த்துக் கழுவினார். பரிசோதனை திங்கட்கிழமை. அதற்கு முந்திய வெள்ளிக்கிழமை, அவர் வேலைக்குப் போயிருந்தபோது, வண்டிக்கு மறுபடியும் பொட்டு விழுந்திருந்தது.

இந்தத் தடவை இன்னும் கெட்டியாக.

லயத்து வரிசை வீடுகள் அத்தனையும் சிரித்தன. இப்படியும் ஒரு பக்தியா என்று முருகையா தலையில் அடித்துக்கொண்டார்.

மேனுஷா மட்டும் சிரிக்கவில்லை. வண்டி வந்த வாரம்தான் அவளுக்கு அந்தக் கடிதமும் வந்தது. கண்டியில் தாதியர் பயிற்சிக்கு இடம். சேர வேண்டிய நாளுக்கு அப்போது இரண்டு மாதம் இருந்தது.

கடிதத்தைச் சாமிப் படத்துக்குப் பின்னால் செருகி வைத்தவர் முருகையாதான். பொம்பளைப் பிள்ளையை மூன்று வருஷம் எங்கேயோ விட்டுவிட்டு இங்கே எப்படித் தூங்குவது, கல்யாணம் முடியட்டும், மாப்பிள்ளை போகச் சொன்னால் போகட்டும் என்றார். பொல்லாத மனிதர் இல்லை. பயந்த மனிதர்.

இன்று விடியற்காலை, வண்டியை லொறியில் ஏற்றி முடிக்கும்வரை, அவர் பாக்கியலெட்சுமியை அதன் கிட்டேயே அண்டவிடவில்லை. அவளும் நல்ல பிள்ளையாக வீட்டுக்குள்ளேயே இருந்தாள். லொறி கிளம்பும் நேரத்தில்தான் ஓடி வந்து ஏறினாள்.

வரிசையில் வெகுநேரம் நின்றார்கள். புஹாரி தாளோடு வந்து வண்டியின் கழுத்தில் குனிந்த நேரத்தில்தான் முருகையா மனைவியின் கையைப் பார்த்தார்.

மோதிர விரல் நுனி சிவந்திருந்தது. நகக்கண்ணில் சந்தனம்.

எப்போது வைத்தாள்? லொறியிலா? பக்கத்தில் இருந்த சிமெந்துத் திண்டில் உட்கார்ந்துவிட்டார். மகளின் கல்யாணம் ஒரு விரல் நுனியில் போயிற்று என்று நினைத்தார்.

பென்சில் உரசும் சத்தம் கேட்டது. எங்கும் தடங்கவில்லை.

புஹாரி தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். ஒவ்வோர் எழுத்தும் முத்து முத்தாக எழும்பியிருந்தது. சாமிக்கு இன்றைக்கு லீவு போல என்று பாக்கியலெட்சுமியிடம் சொல்லிவிட்டு, கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு அடுத்த வண்டிக்குப் போனார்.

முருகையா எழுந்து போய் வண்டியின் கழுத்தைத் தடவிப் பார்த்தார். இரும்பு சுத்தமாக இருந்தது. அவருக்குச் சிரிப்பு வந்தது. இரண்டு மாதத்தில் முதல் சிரிப்பு.

"அப்ப அந்தப் பொட்ட எங்கதான் வச்ச?"

கீழே ஸ்டேஷனில் ரயில் ஊதியது. பாக்கியலெட்சுமி அந்தப் பக்கமாகத் திரும்பிப் பார்த்தாள்.

"மேனுஷா நெத்தியிலங்க. நாளைக்குக் காலையில அவ கண்டியில சேரணும்."

பதுளையை விட்டுக் கிளம்பும் கண்டி ரயில் ஹாலிஎலவுக்குப் போய்ச் சேரக் கால் மணி நேரம் ஆகும். பிள்ளை இப்போது அங்கேதான் பெட்டியோடு நிற்பாள்.

முருகையாவின் சட்டைப் பையில் போன் அடித்தது. மாப்பிள்ளையின் அப்பா. வண்டி பாஸா என்று கேட்கத்தான்.

அடித்து ஓய்ந்தது. மறுபடியும் அடித்தது.

கையில் பரிசோதனைத் தாளோடு அவர் அந்தச் சிமெந்துத் திண்டிலேயே போய் உட்கார்ந்தார். கால் மணி நேரம் கழியும்வரை போனை எடுக்கவில்லை.