பூனைகள் வைத்த பெயர்

மீன் சந்தை மதிலில் படுத்திருந்த கடுவன் பூனைக்குப் பொறுக்கவில்லை. ஆடுகள் சேர்ந்தால் மந்தையாம், எறும்புகள் சேர்ந்து போனால் சாரையாம். பூனைகள் சேர்ந்தால் மட்டும் தனிப் பெயர் கிடையாதா?

"இன்னிக்கே வெச்சுக் காட்டறேன் பாரு!" என்று கீழே ஊர்ந்த எறும்பிடம் சவால் விட்டுவிட்டு, நாலு பூனைகளை வரச் சொன்னது.

நாலும் வந்தன. யார் சொல்கிற பெயரை வைப்பது என்பதில் ஆரம்பித்த உறுமல், நகத்தில் போய் முடிந்தது.

சாயங்காலம் எறும்பு திரும்பி வந்தபோது கடுவன் மட்டும் கிழிந்த காதோடு உட்கார்ந்திருந்தது.

"என்னண்ணே, பெயர் வெச்சாச்சா?"

"ஓ! அஞ்சு பெயர் வெச்சாச்சு. இப்ப நாங்க அஞ்சு கூட்டம்."

"ஒரு கூட்டத்துல எத்தனை பூனை?"

"இப்போதைக்குத் தலைவர் மட்டும்தான்" என்ற கடுவன், அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தியது. "நீ வேணும்னா சேர்ந்துக்கறியா?"