சட்டைக் கழுத்தில் ஒரு பெயர்

சிங்கப்பூரில், தன் செங்காங் வீட்டில் குழந்தைகளுக்குச் சட்டை தைத்து விற்கும் விசாலாட்சி, லிட்டில் இந்தியாவில் ஒரு துணிக்கடை வாசலில் நிற்கிறாள். “நீங்க வந்தா விலைய கொறச்சிடுவீங்கக்கா” என்று சொல்லிவிட்டு, அவளுடைய விற்பனைப் பிரதிநிதி ஷபானா தனியாக உள்ளே போயிருக்கிறாள். திறந்த கதவு வழியே எல்லாம் தெரிகிறது, கேட்கிறது. கடைக்காரர் மாசிலாமணி, ஷபானா காட்டிய சட்டையின் கழுத்தில் விசாலாட்சியின் பெயர் போட்ட லேபிளை விரலால் தடவுகிறார். “இத எடுத்துட்டு எங்க பேரப் போடுங்க, நூறு எடுத்துக்கிறேன்.” விசாலாட்சியிடம் நூறு சட்டை இதுவரை யாரும் கேட்டதில்லை. ஷபானா நிதானமாகச் சட்டையை உட்புறம் திருப்பி, பிசிறில்லாத தையலை வெளிச்சத்தில் காட்டுகிறாள். “இப்படித் தைக்கிறவங்க பேர எடுக்க முடியாது லா, அங்கிள்.” மடித்துப் பையில் வைக்கப்போகிறாள். அவர் கை நீட்டித் தடுக்கிறார். “பேரு இருக்கட்டும்மா. முப்பது குடு.” அந்நேரம் தெருவில் போகும் ஒரு பெண், “கடை தெறந்துட்டாங்களா?” என்று கேட்கிறாள். “தெறந்தாச்சு, போய்ப் பாருங்க” என்கிறாள் விசாலாட்சி. “உள்ள நான் தச்ச சட்டை இருக்கு.”