பிரிட்ஜ் பார்க்க வந்த சம்பந்தி

வாசலில் ஆட்டோ நின்ற சத்தம் கேட்டதும் சோணையம்மாள் பிரிட்ஜைத் திறந்து அந்தச் சின்ன அட்டைப்பெட்டியை எடுத்தாள். பாலிதீன் பையில் சுற்றினாள். அரிசி டிரம்முக்குள் முழங்கை வரை கையை விட்டு, அடியில் புதைத்து மூடியைப் போட்டாள்.

“அம்மா, என்ன காரியம் பண்ற? வெக்கையில கெட்டுப்போகும்மா!” என்று பதறினாள் மகள் நதியா.

“வாய மூடுடி. வர்றது ஒன் மாமியா.”

உத்தமபாளையத்துச் சம்பந்தி கருத்தம்மாள் தனியாகத்தான் வந்திருந்தாள். கல்யாணத்துக்கு இன்னும் ஒரு வாரம். ஒரு போன்கூடப் பண்ணாமல், மகனையும் கூட்டிக்கொள்ளாமல், சுருளிப்பட்டி வரைக்கும் ஆட்டோ பிடித்து வருகிறாள் என்றால் சும்மாவா வருவாள்?

டிரம்முக்குள் போனது ஊசி மருந்து. இரண்டு வருசத்துக்கு முன் நதியாவுக்குக் குடலில் புண் வந்து, ரத்தமாகப் போய், பிள்ளை எலும்பும் தோலுமாகிவிட்டாள். மாத்திரைக்கெல்லாம் அடங்கவில்லை.

கடைசியில் மதுரை டாக்டர் எழுதிக்கொடுத்த இந்தப் புது ஊசிதான் அவளைத் தூக்கி நிறுத்தியது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை போட்டுக்கொள்ள வேண்டும், அதுவரை பிரிட்ஜில் இருக்க வேண்டும். நாளைக்குப் போட வேண்டியது அது. வீட்டில் இருந்ததும் அது ஒன்றுதான்.

மாப்பிள்ளை வீட்டில் சொல்லிவிடலாம் என்று நதியா தலைகீழாக நின்று பார்த்தாள். “ஒத்த வார்த்த சொன்ன, இந்தக் கல்யாணம் அன்னைக்கே நின்னுபோகும்” என்று அம்மா அழுததில் அடங்கிப்போனாள்.

“வாங்க மதினி, உக்காருங்க” என்றாள் சோணையம்மாள்.

“இருக்கட்டும், தாகமா வருது” என்ற கருத்தம்மாள் நாற்காலியைத் திரும்பியும் பார்க்கவில்லை. நேரே சமையல்கட்டுக்குள் போய்த் தானே பிரிட்ஜைத் திறந்தாள். தண்ணீர் பாட்டில் முன்னாலேயே இருக்க, ஒவ்வொரு தட்டிலும் கையை வைத்து வைத்துப் பார்த்தாள்.

“பழசோ மதினி?”

“அஞ்சாறு வருசமாச்சு. நல்லாத்தேன் ஓடுது.”

“கரண்டு போனா எம்புட்டு நேரம் குளுரு நிக்கும்? இன்வெர்ட்டர் போட்டிருக்கீகளா?”

சோணையம்மாள் மனசுக்குள் கணக்குப் போட்டாள். சீரில் புது பிரிட்ஜ் கேட்க அடிபோடுகிறாளா? அதற்கு நம் வீட்டுப் பிரிட்ஜை எதற்கு நோண்ட வேண்டும்? இல்லை, எவனோ வத்தி வைத்துவிட்டான். பக்கத்துத் தெரு அம்மாவாசிதான், வேறு யார்! நதியாவைத் தன் மகனுக்குக் கேட்டுக் கிடைக்காத வயிற்றெரிச்சல் அவனுக்கு.

“எதுக்குக் கேக்குறீக மதினி?”

“சும்மாத்தேன். மறுவீட்டுக்கு எம் மகன் தங்கபாண்டி இங்கன வந்து தங்கணும்ல?”

வந்து தங்கினால்? மாப்பிள்ளையைப் பிரிட்ஜுக்குள்ளா படுக்கவைக்கப் போகிறாள்? கேட்கிற கேள்வியைப் பார்! சோணையம்மாள் பல்லைக் கடித்துக்கொண்டு காப்பி போட்டாள்.

கருத்தம்மாள் காப்பியை ஆற்றி ஆற்றிக் குடித்தாள். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. தகரக் கூரை போட்ட சமையல்கட்டு அனலாகக் கொதித்தது. நதியாவின் பார்வை டிரம்மை விட்டு நகரவில்லை. சோணையம்மாள் அவள் தொடையில் ரகசியமாக ஒரு கிள்ளு கிள்ளினாள்.

“மத்தியானமானா பஸ்ஸு கூட்டமாயிரும் மதினி. ஆட்டோவும் கெடைக்காது.”

“அட இருங்க, வந்த சோலி இன்னும் முடியலைல்ல?”

என்ன சோலி? கருத்தம்மாள் வாசலுக்குப் போய், அங்கே வைத்திருந்த கட்டைப்பையைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

“இந்த வருசத்து மொத அறுப்பு அரிசி. சம்பந்தி வீட்டு அரிசியில எங் கையால கலந்துவிடணும், அது எங்க வழக்கம். டிரம்மு எங்கன இருக்கு? இதானா?”

“நானே கலந்துக்கிருதேன், இங்கிட்டுக் குடுங்க!” சோணையம்மாள் பாய்ந்து பையைப் பிடித்தாள்.

“நல்லாருக்கே! நீங்க கலந்தா அது எங்க வழக்கமாகுமா?”

மூடி திறந்தது. அரிசி கொட்டியது. கருத்தம்மாள் வளையலை மேலே ஏற்றிவிட்டுக்கொண்டு, அடி வரைக்கும் கையை விட்டுக் கிளறினாள். சட்டென்று கை நின்றது.

பெட்டி வெளியே வந்தது. பாலிதீனைப் பிரித்து, வெளிச்சத்தில் பிடித்து மேலே இருந்த மருந்தின் பெயரைப் பார்த்தாள். அவள் முகம் மாறிப்போயிற்று.

சோணையம்மாள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். “மதினி, எம் புள்ளைக்குக் கொடல்ல புண்ணு. இந்த ஊசியிலதேன் இப்ப நல்லாருக்கா. அவ சொல்லத்தேன் சொன்னா, நாந்தேன் மறைச்சேன். என்னைய எம்புட்டு வேணாலும் பேசுங்க, கல்யாணத்த மட்டும் நிறுத்திராதீக.”

நதியா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சுவரோடு நின்றாள்.

கருத்தம்மாள் பெட்டியைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். பிறகு சோணையம்மாளை ஒரு முறை முறைத்தாள்.

“மொதல்ல இதப் பிரிட்ஜுல வைங்க மதினி, எம் மகனுக்குப் போடுற ஊசியும் போன வருசம் இப்பிடித்தேன் வெக்கையில கெட்டுப்போச்சு!”